ஐந்தாவது குரல்: காவலூரிலிருந்து நெல்லிக்கொல்லைக்கு

தாமோதரனின் வலது கணுக்காலில் போட்டிருந்த மாவுக்கட்டு நேற்றுக் காலை பத்தரை மணிக்குப் பிரிக்கப்பட்டது. எலும்பு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் கைத்தடியோடு நடந்தால் போதும். இதைச் சொன்னவர் வேலூரில் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். நேற்று இரவு எட்டு மணிக்கு டிரங்க் கால் போட்டு நானே கேட்டு எழுதிக்கொண்டேன். தாமோதரனும் அதையேதான் சொன்னார். ஆனால் தன் உடம்பைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் வைத்து எழுதக்கூடாது என்று இரண்டு மாதத்துக்கு முன் ஜவ்வாது மலையில் கற்றுக்கொண்டேன். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது எழுபதுகளின் கடைசியில், பங்குனி முதல் வாரத்தில் எழுதப்படுகிறது. கட்டணங்களும் பஸ் நேரங்களும் நாங்கள் போனபோது இருந்தவை.

தாமோதரனுக்கு வயது ஐம்பத்தேழு. வேலூரில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டு இயற்பியல் ஆசிரியர். நான் வேலூரில் நிருபராக இருந்த காலத்தில் பக்கத்து வீடு. அவர் என்னை ‘ரிப்போர்ட்டர்’ என்பார், நான் அவரை ‘வாத்தியாரே’ என்பேன். எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. அணுவுக்குள் இருக்கும் துகளை நாம் அளக்கும்வரை அது இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது என்கிறார்களே, அப்படியானால் பூட்டிய அறைக்குள் இருக்கும் மேசைக்கும் அது பொருந்துமா? பார்ப்பவன் இல்லாத இடத்தில் உலகம் எப்படி இருக்கிறது? தாமோதரன் இதைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எனக்குத்தான் தூக்கம் வராது. என் பதில் எப்போதும் நிருபரின் பதில்தான்: இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் செய்தி, ஒருவர் மட்டும் சொன்னால் வதந்தி.

“உன் பதில்ல உலகம் இல்லை, பேப்பர்தான் இருக்கு” என்பார் அவர்.

காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தை ஆராய்கிறார்கள். யாரும் பார்க்காத பொருள்களைப் பார்ப்பதே தொழிலாக இருப்பவர்களிடம் இந்த வழக்கைக் கொண்டுபோவது என்று முடிவானது. கடிதம் எழுதிச் சனிக்கிழமை மாலைக்கு அனுமதி வாங்கினேன். பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினோம்.

நான் மெட்ராஸில் காலை ஆறு பத்துக்கு ரயில் ஏறினேன். தாமோதரன் காட்பாடியில் ஏறிக்கொண்டார். வாணியம்பாடி வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். வாணியம்பாடியில் பிரியாணி சாப்பிடாமல் மலைக்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பரிதாபப்படுவேன். இரண்டு பேருக்கு ஒன்பது ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து ஆலங்காயம் பதினெட்டு கிலோமீட்டர், கட்டணம் ஒரு ரூபாய் ஐம்பது. அங்கே பயணியர் விடுதியில் மூட்டைகளை வைத்துவிட்டு இரண்டரை மணி பஸ்ஸில் காவலூர் ஏறினோம். மலைப்பாதையில் பஸ் மெதுவாகத்தான் போகும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கோழிக்கூடை ஓரம் கிடைக்கும்.

ஆய்வுக்கூடத்தில் எங்களோடு பேசியவர் தஞ்சாவூர்க்காரரான ஓர் இளம் ஆராய்ச்சியாளர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரவெல்லாம் விழித்து, பகலில் தூங்கி, மூன்று மணிக்குக் காபி குடிப்பவர்களின் முகம் அவருக்கு. விளக்கு பொருத்திய மேசை மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார். வானத்தின் படம். வெள்ளை வானத்தில் கறுப்புப் புள்ளிகளாக நட்சத்திரங்கள். உற்றுப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன.

“ஒரே தகட்டுல ரெண்டு தடவை படம் எடுத்திருக்கோம், சார். நடுவுல கொஞ்சமா நகர்த்திடுவோம். நிஜமான நட்சத்திரம்னா ஜோடியா விழும். ஒத்தைப் புள்ளியா இருந்தா தூசி, இல்லேன்னா தகட்டுல பூசின மருந்துல ஏதாவது கோளாறு.”

“ஒரே ஒரு தடவை மின்னி அணைஞ்சு போன நட்சத்திரம்னா?” என்று தாமோதரன் கேட்டார்.

ஆராய்ச்சியாளர் சிரித்தார். “தவற விடுவோம், சார். தெரிஞ்சேதான் தவற விடுவோம். அதுக்குப் பயந்து ஒவ்வொரு தூசிக்கும் பேர் வைக்க ஆரம்பிச்சா வேலை நடக்காது.”

தாமோதரனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது. என் கட்சிக்கு வானத்திலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டதல்லவா? பிறகு மேகம் கூடிவிட்டது. அன்று ஒரு நட்சத்திரத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். புறப்படும்போது ஆராய்ச்சியாளர் ஒரு தகவல் சொன்னார். ஐந்து கிலோமீட்டரில் நெல்லிக்கொல்லை என்று ஒரு சிற்றூர். அதன் கிழக்கே செங்குத்தான மொட்டைப்பாறை. கையைத் தட்டினால் தெளிவாகத் திருப்பிச் சொல்லும்.

தாமோதரனின் சட்டைப்பையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. எதிரொலியை வைத்து ஒலியின் வேகத்தை அளப்பது அவருடைய முப்பது வருடப் பாடம். ஆனால் அதை அவர் ஒருமுறைகூட உண்மையான பாறையில் செய்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது பஸ்ஸில் மறுபடி காவலூர் வந்தோம். என் குதிகாலில் புதுச் செருப்பு கொப்புளம் போட்டிருந்தது. நான் டீக்கடையில் உட்கார்ந்துகொள்ள, அவர் மட்டும் ஏழே கால் மணிக்குக் கிளம்பினார். பதினோரு மணிக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாமோதரனுக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டால் பத்து மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டார். இட்லிப் பொட்டலம் வாங்கியாயிற்று.

பதினொன்றேகாலுக்கு நோட்டுப் புத்தகத்தை எடுக்கப் பையைத் திறந்தேன். பொட்டலம் என் பையில் இருந்தது.

அந்த ஐந்து கிலோமீட்டரை ஒரு மணி இருபது நிமிடத்தில் நடந்தேன். கொப்புளம் எங்கே உடைந்தது என்று தெரியவில்லை. வழியில் எதிரே ஒருவரும் வரவில்லை. நெல்லிக்கொல்லைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. சுமார் முப்பது வீடுகள். ஊருக்கு மேற்கே சாலை வளைவில் ஒரு வேன் நின்றது. ஊர் எல்லைப் புளியமரங்களில் ஆண்கள் ஏறிக் கிளைகளை உலுக்க, கீழே பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணாடி போட்ட பெரியவர் ஒருத்தர் வந்தாரா?”

“வந்தாரு, காலீல. பாறைக்கு வழி கேட்டாரு” என்றாள் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பொன்னம்மா. “திரும்பிப் போய்ட்டாருன்னு நெனச்சோம்.”

“போகவில்லை. ஏதாவது ஆகியிருக்கலாம். யாராவது கூப்பிட்ட சத்தம் கேட்டதா?”

“இல்லீங்களே.”

மரத்தின் மேலிருந்தவர்களும் இல்லை என்றார்கள். பொன்னம்மாவின் கணவர் வெள்ளையன் கொள்ளுக் களத்திலிருந்து வந்தார். அவரும் இல்லை என்றார். வேனுக்குச் சொந்தக்காரர் கரீம் பாய், வாணியம்பாடியிலிருந்து வாரந்தோறும் வந்து புளி கொள்முதல் செய்பவர். தராசை இறக்கி வைத்துவிட்டு அவரும் யோசித்துப் பார்த்து, “நம்மள யாரும் கூப்புடல சார்” என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக மனிதர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைக்கிறேன். பொய் சொல்கிறவர்களை ஓரளவு அடையாளம் தெரியும். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அவர் கூப்பிடவே இல்லை. கூப்பிட முடியாத நிலையில் இருக்கிறார்.

உட்காரலாம் என்று புளிக்குவியல் பக்கம் போனேன். குவியலுக்கு அருகில் ஒரு அரிவாள் மண்ணில் குத்தி நின்றது. புல் வெட்டும் அரிவாளை இப்படி யாரும் வைக்க மாட்டார்கள். முனை மழுங்கிவிடும். தொழில் பழக்கத்தில், ஏன் என்று கேட்டேன்.

“அதுவா?” பொன்னம்மா கொஞ்சம் தயங்கினாள். “ஒத்தக் கொரலு வந்துச்சிங்க. அதான், இரும்ப நட்டு வெச்சேன்.”

“என்ன குரல்?”

“ஒத்தக் கொரலு. மனுசன்னா ரெண்டு தபா கூப்புடுவான் இல்ல? ஒரே தபா கூப்ட்டுட்டு வுட்டுட்டா அது மனுசன் கெடையாது. அதுக்கு வாயத் தொறக்கக் கூடாது.”

“எப்போது வந்தது?”

“வேன் வர்றதுக்கு முன்ன. ஒண்ணு. அப்பால கொஞ்ச நேரம் கழிச்சி ஒண்ணு.”

“இரண்டு தடவை வந்திருக்கிறதே!”

“அது எப்டி ரெண்டாவும்? ஒரு கூடை பழம் பொறுக்குற நேரம் வுட்டுட்டு அப்பால வந்தா அதுவும் ஒண்ணுதான்.” என் அறிவைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளையன் தலையைச் சொறிந்தார். “எனக்கும் ஒண்ணு கேட்டுச்சி. வெயிலு ஏற சொல்ல. களத்துல இருந்தேன்.”

“கேட்டபோது ஏன் சொல்லவில்லை?”

“யாராச்சும் கூப்டாங்களான்னு கேட்டீங்க. யாரும் கூப்புடலயே!”

கரீம் பாய் நெற்றியில் அறைந்துகொண்டார். “அட அல்லா! எனக்கும்தான் கேட்டுச்சி. வண்டிய நிறுத்தினப்போ, பதினொண்ணேகால். யாரோ யாரயோ கூப்புடறான்னு இருந்துட்டேன். சொல்லக் கூடாதாம்மா நீ?”

“நீ சொன்னியா பாய்?”

மூன்று பேர், நான்கு முறை. ஒவ்வொருவரும் தன்னளவில் விசாரித்து, இல்லை என்று தீர்ப்பு எழுதி, வேலையைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். பொன்னம்மா பள்ளத்தைக் காட்டினாள். ஊருக்கும் பாறைக்கும் நடுவே உண்ணிச்செடி மண்டிய சரிவு. களத்திலிருந்து கேட்ட வெள்ளையனும் அதே சரிவைத்தான் காட்டினார். கரீம் பாய் பாறையின் உச்சியைக் காட்டினார். இங்கே நான் செய்த தவறை எழுத வேண்டும். அரிவாள் நட்டவளையும் அவள் கணவரையும் விட்டுவிட்டு, கைக்கடிகாரம் கட்டி மணி சொன்னவரை நம்பினேன். எல்லாரையும் பாறை உச்சிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. மேலே காற்றும் கழுகும்தான் இருந்தன.

பொன்னம்மா மூச்சு வாங்கியபடி சொன்னாள்: “பாய் கேட்டது பாறை திருப்பிச் சொன்னது. சாலை வளைவுல நின்னா எல்லாம் பாறையிலேர்ந்துதான் கேக்கும். ரெண்டு பேரு ஒரே எடத்த காட்னோம். வாட்ச் கட்னவரு சொன்னதக் கேட்டீங்க நீங்க.”

என் சொந்த விதியை எனக்கே சொல்லிக் காட்டினாள்.

சரிவில் இறங்கினோம். செடி ஆள் உயரம். வெள்ளையன் கையைக் குவித்து, “ஓ... சாமியோவ்! ஓ... சாமியோவ்!” என்று இரண்டு முறை கூவினார். நின்றோம். காய்ந்த சருகில் ஓணான் ஓடுவதுகூடக் கேட்டது. பிறகு கீழே, கைக்கெட்டும் தூரம் போல, ஒரு முனகல்.

வெள்ளையன் அப்படியே நின்றுவிட்டார். “ஒண்ணுதான் வந்துச்சி.”

“பதிலு எத்தினி வந்தா இன்னாய்யா! போ!” என்று பொன்னம்மா அவரைப் பிடித்துத் தள்ளினாள்.

செடிக்குள் பத்தடி ஆழத்தில் வறண்ட ஓடை. அதன் அடியில் தாமோதரன் கிடந்தார். வலது பாதம் கணுக்காலில் தவறான பக்கம் திரும்பியிருந்தது. சட்டை நனைந்திருந்தது, வியர்வையில். கண் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை. “அட்டென்டன்ஸ் எடுத்தாச்சா?” என்று யாரையோ கேட்டார். மணி ஒன்று இருபத்தைந்து.

சர்க்கரை இறங்கிவிட்டது, இனிப்பு வேண்டும் என்று கத்தினேன். இட்லியை விழுங்கும் நிலையில் அவர் இல்லை. கரீம் பாய் ஒன்றும் கேட்காமல் வேனுக்கு ஓடினார். கனத்த மனிதர். அந்தச் சரிவில் அவர் ஓடியதை நான் மறக்க மாட்டேன். பேத்திக்காக வாங்கி வைத்திருந்த மலைத்தேன் புட்டியோடு திரும்பினார். பொன்னம்மா தாமோதரனின் தலையை மடியில் தூக்கி வைத்து, விரலில் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் தடவினாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பிறகு அவர் விரலைக் கடித்துவிட்டார்.

“கடிக்கிறாரு! உயிரு கீது!” என்று பொன்னம்மா கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாகக் கடி வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

தாமோதரன் என்னைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். “ரிப்போர்ட்டர், இட்லி உன் பையிலதான் இருந்துச்சு” என்றார். நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு கம்பு, ஒரு கம்பளி. டோலி கட்டித் தூக்கினார்கள். வேன் வரை ஒரு கிலோமீட்டர். புளி மூட்டைகளை அப்படியே சாலையோரம் இறக்கிப் போட்டுவிட்டு கரீம் பாய் வண்டியை எடுத்தார். நாலு மணி ஐந்துக்கு வாணியம்பாடி ஆஸ்பத்திரி. அங்கிருந்து வேலூருக்கு, தாமோதரனின் மனைவிக்கு, டிரங்க் கால் போட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி: “இப்ப சாப்பிட்டாரா?”

சாப்பிட்டிருந்தார். ஆறு இட்லி.

மாலை ஆறு மணிக்குக் கட்டுப் போட்டு முடிந்தபின் தாமோதரன் சாய்ந்து உட்கார்ந்து பேசினார். பாறையிலிருந்து அடி எண்ணிக்கொண்டே பின்னோக்கி நடந்திருக்கிறார். பார்வை பாறை மேல். ஏனென்றால் நேர்கோடு தவறினால் அளவு தவறிவிடும். நூற்று நாற்பத்தெட்டாவது அடியில் தரை இல்லை. விழுந்தபோது மணி எட்டு ஐம்பது. தண்ணீர் பாட்டில் மேலேயே தங்கிவிட்டது. நாக்கு வறண்டுவிடும், சக்தியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டாராம்.

“ஏன் நாற்பத்தைந்து?”

“ஒரு பீரியட்.”

கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டில் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். முப்பது ஆண்டு பள்ளி மணியோடு வாழ்ந்த மனிதர் மட்டுமே இப்படிக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடுவார். ஒற்றைக் குரலுக்கு வாய் திறக்காத ஊருக்குப் பக்கத்தில் போய் ஒற்றையாகவே கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒழுங்கு தவறவில்லை. அந்த ஒழுங்கில்தான் ஆள் போயிருப்பார்.

வெள்ளையனிடம் புறப்படும்போது இந்த வழக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். அவர் பேய் பற்றிப் பேசவில்லை. “காட்ல கேக்கறதுக்கெல்லாம் ஓடினா காலு மிஞ்சாது சார். மயிலு கத்தும், மரம் கிறீச்சுங்கும், பாறை திருப்பிச் சொல்லும். ஆளுன்னா மறுக்கா கூப்புடும். அவ்ளோதான்” என்றார். தகட்டைப் பார்த்துத் தஞ்சாவூர்க்காரர் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே தவறிப்போவது ஒரு நட்சத்திரம். இங்கே என் நண்பர்.

தாமோதரனைக் கலக்கியது வேறு. “மூணாவது குரல் வரைக்கும் சந்தேகமே இல்லை. நாலாவது கூப்பிட்டதும் ஒண்ணு தோணிச்சு. வெளியில கேக்குதா, இல்லை மண்டைக்குள்ளயே கூப்பிடறேனா? கூப்பிட்டதுக்கு ஒரு பதில் வந்தாத்தானே கூப்பிட்டேன்னு தெரியும்? பூட்டின ரூம்ல மேசை இருக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன் இத்தனை வருஷமா. அந்த மேசையாட்டம் நானே கெடந்தேன், ரிப்போர்ட்டர். மேசைக்கு ரொம்பக் கஷ்டம்.”

நான் என் நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன். ஒன்பது மணி, வெள்ளையன், கொள்ளுக் களம். அவரிடம் கடிகாரம் இல்லை, வெயில் ஏறும் நேரம் என்றார், பொருந்துகிறது. ஒன்பதே முக்காலும் பத்தரையும் பொன்னம்மா. பதினொன்றேகால் கரீம் பாய். நான்கு குரலும் வெளியே வந்திருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் தாமோதரன் தலையசைத்தார். ஒருவர் முகத்தில் ரத்தம் திரும்புவதை அப்போது பார்த்தேன்.

பிறகு அவருடைய நோட்டைக் கொடுத்தார். அதில் ஐந்து கோடுகள் இருந்தன. ஐந்தாவதன் பக்கத்தில் பன்னிரண்டு மணி என்று எழுதியிருந்தது. எழுத்து கோணலாக இருந்தாலும் அவருடையதுதான்.

“இதை எழுதினது எனக்கு ஞாபகமே இல்லை” என்றார். “நாலாவதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் தேன். நடுவுல இருட்டுகூட இல்லை, ரிப்போர்ட்டர். இருட்டா இருந்துச்சுன்னு சொல்லக்கூட அங்க ஆள் இல்லை. ஆனா யாரோ மணி பார்த்திருக்கான். பென்சில் எடுத்திருக்கான். சரியா எழுதியிருக்கான். அவன் யாரு?”

டாக்டரிடம் கேட்டேன். சர்க்கரை இறங்கும்போது நினைவு தப்பிய நிலையிலும் பழகிய காரியத்தைக் கை செய்துவிடக்கூடும் என்றார். தாமோதரன் அதை மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. கை எழுதியது சரி. வாய் கூப்பிட்டதா என்பதுதான் அவருடைய கேள்வி.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஆய்வுக்கூடத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். பகல் பன்னிரண்டு வரை அங்கே தூங்குகிறார்கள், குடியிருப்புப் பக்கம் சத்தம் வேண்டாம். காவலூரிலிருந்து கடைசி பஸ் மாலை ஆறே முக்கால், சில நாள் அதற்கு முன்பே போய்விடுகிறது. ஆலங்காயம் விடுதியில் அறைக்கு ஆறு ரூபாய், கொசுவலை தனியாக வாங்க வேண்டும். நெல்லிக்கொல்லைக்குப் பஸ் இல்லை, நடைதான், கடையும் கிடையாது. ஊரில் யாரிடமாவது எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நண்பர் பையில் வேண்டாம். ஆபத்தென்றால் அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிடுங்கள். மூன்று முறை கூப்பிட்டாலும் அந்த ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூட்டைகளைச் சாலையோரம் விட்டு வந்தோமே என்று கரீம் பாய்க்குக் கவலையாக இருந்தது. மூன்றாம் நாள் போனபோது எல்லாம் அப்படியே இருந்தனவாம், எண்ணிக்கை குறையாமல். விழுவதற்கு முன் நூறாவது அடியில் நின்று கைதட்டி அளந்ததில், ஒலியின் வேகம் நொடிக்கு முன்னூற்றுப் பத்து மீட்டர் என்று தாமோதரனுக்குக் கிடைத்தது. தவறு. அடிக்கணக்கு தவறியிருக்கும் என்கிறார்.

மீதமிருப்பது ஒன்று. பொன்னம்மாவின் கொழுந்தன் பச்சையப்பன், அறுபது ஆடுகளை ஓட்டிக்கொண்டு அன்று பகல் அந்தச் சரிவின் மேல்விளிம்பு வழியாகத்தான் மலையை விட்டு இறங்கியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு ஊரில் யாருக்கும் குரல் கேட்கவில்லை. அந்நேரம் சரிவின் பக்கத்தில் இருந்திருக்கக்கூடியவர் அவர் ஒருவரே. இப்போது கலசப்பாக்கம் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார். எந்த வயல் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை தேடிப் போய்த் திரும்பினேன். ஒற்றைக் குரலைக் கேட்டிருந்தால் அவரும் வாய் திறந்திருக்க மாட்டார், ஆடுகளை வேகமாக ஓட்டியிருப்பார்.

சித்திரை பிறப்பதற்குள் அவர் மலையேறிவிடுவார் என்று பொன்னம்மா சொல்கிறாள். அதற்கடுத்த கொள்முதலுக்குப் போகும்போது கரீம் பாய் அவரைப் பார்த்து, அன்று வழியில் என்னென்ன கேட்டது என்று மட்டும் விசாரித்து, சொல்வதை அப்படியே அஞ்சலட்டையில் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேற்று டிரங்க் காலில் தாமோதரனிடம் கேட்டேன். கைத்தடி தட்டும் சத்தம் தூரமாகப் போய்த் திரும்பி வந்தது. “வரட்டும், படிக்கலாம்” என்றார். அட்டை சித்திரை இரண்டாம் வாரத்தில் வர வேண்டும். வேலூர் விலாசத்துக்கு.